புடவையும் பேஸ்பாலும்

கேள்வி: வெளிநாட்டுக்காரர்களோடு வேலை பார்க்கும் பெண், தன் இயல்பை விடாமல் தலைமைப் பொறுப்புக்கு வர முடியுமா?
– வாசகி ஒருவர், கோவை

பதில்: சென்னையில் பிறந்த இந்திரா நூயி வந்தாரே! 2006 முதல் 2018 வரை பெப்சிகோவின் தலைமைச் செயல் அதிகாரி.

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் படித்த நாட்களில், ஒரு நேர்காணலுக்காக மலிவு விலையில் ஒரு கோட்டு சூட்டு வாங்கினார். உடம்போடு ஒட்டவேயில்லை, கூனிக் குறுகிப் போனார். ‘இந்தியாவில் என்றால் எதை உடுத்துவாய்? அதையே உடுத்து’ என்ற அர்த்தத்தில் யோசனை சொன்னார், அங்கே வேலைவாய்ப்பைக் கவனித்த பெண்மணி. அடுத்து பூஸ் ஆலன் ஹாமில்டன் என்ற ஆலோசனை நிறுவனத்தின் நேர்காணலுக்குப் புடவையில் போனார். வேலை கிடைத்தது.

அதற்காகக் காலமெல்லாம் புடவையிலேயே இருக்கவில்லை. பிறகு கோட்டுக்கு மாறினார். சக ஊழியர்களின் அரட்டையில் கலந்துகொள்ள பேஸ்பாலும் தெரிந்துகொண்டார். இதை வேஷம் என்று சொல்வது அநியாயம்.

அவர் விடாமல் வைத்துக்கொண்டது வேறு. பதவிக்கு வந்தபின் ஊருக்குப் போனபோது, சென்னை வீட்டுக்கு வந்தவர்கள் மகளை வளர்த்ததற்காக அம்மாவைப் பாராட்டியதைப் பார்த்தார். உடனே தனக்குக் கீழே வேலை பார்த்த மூத்த அதிகாரிகளின் பெற்றோருக்கு, உங்கள் பிள்ளை இன்னின்ன செய்கிறார், நன்றி என்று கடிதம் எழுதத் தொடங்கினார். அமெரிக்க அலுவலக வழக்கில் கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். பெற்றோர்களோ பூரித்துப்போய்ப் பதில் எழுதினார்கள்.