கல்யாணப் படமெடுக்க வந்திருக்கும் பிள்ளைகளுக்கு

லைட்டிங், லென்ஸ் எல்லாம் யூடியூபிலேயே கற்றுக்கொண்டு வருகிறீர்கள், சந்தோஷம். எடுத்த படத்தை யாருக்குக் காட்டுவது என்பதில்தான் தடுமாறுகிறீர்கள். அதற்கு மட்டும் சில வார்த்தைகள்.

1. அட்வான்ஸ் வாங்கும்போதே கேளுங்கள்: நம் பேஜில் படம் போடலாமா, ரீல்ஸ் போடலாமா? பெண்ணையும் மாப்பிள்ளையையும் நேரில் கேட்டு ஆர்டர் புக்கில் எழுதிக்கொள்ளுங்கள். பெண்ணின் அப்பா தலையாட்டினார் என்பதெல்லாம் செல்லாது.

2. பூட்டிய இன்ஸ்டாகிராம் கணக்கில் மணப்பெண் உங்களைச் சேர்த்துக்கொண்டால், பார்க்கத்தான் சேர்த்திருக்கிறாள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஊருக்குக் காட்ட அல்ல. அது நாமே எடுத்த படமாக இருந்தாலும் சரி.

3. டேக் செய்ய அவசரப்படாதீர்கள். ஃபேஸ்புக்கில் நண்பர்களுக்கு மட்டும் என்று போட்ட படத்தில் ஒருவரை டேக் செய்தால், வழக்கமாக அவருடைய நண்பர்களுக்கும் அது போய்விடும். இதில் மாட்டிக்கொண்டவர் வேறு யாருமில்லை, மார்க் சக்கர்பெர்க்கின் அக்கா ராண்டி! 2012 கிறிஸ்துமஸ் சமயம், வீட்டுச் சமையலறையில் குடும்பமே போனும் கையுமாக நிற்கும் படத்தை நண்பர்களுக்காகப் போட்டார். அதில் டேக் ஆகியிருந்த சகோதரியின் தோழி ஒருவர் கண்ணில் பட்டது. எல்லோரும் பார்க்கிற படம்தானே என்று நினைத்து அவர் ட்விட்டரில் போட்டார். ராண்டி கோபித்துக்கொண்டதும் எடுத்துவிட்டார். ஆனால் செய்தித்தளங்கள் விடவில்லை. அந்த வீட்டுக்கே இந்தக் கதி. நீங்களோ மண்டபத்து குரூப் போட்டோவில் கண்ணில் பட்டவரையெல்லாம் டேக் செய்கிறீர்கள்.

4. மஞ்சள் நீராட்டு விழாப் படங்களைப் பேஜில் போடவே கூடாது. பெற்றோரே பேனர் வைத்து ஊரைக் கூட்டினாலும் நாம் போட வேண்டாம். நாளைக்கு வகுப்பில் பையன்கள் போனைக் காட்டிச் சிரிக்கும்போது நிற்கப்போவது அந்தப் பிள்ளைதான். பதின்பருவப் பிள்ளைகளின் கணக்குகளை இன்ஸ்டாகிராமே 2024 முதல் படிப்படியாகத் தானாகவே பூட்டி வைக்கத் தொடங்கியிருக்கிறது. நம் பேஜோ வருவோர் போவோருக்கெல்லாம் திறந்து கிடக்கிறது.

5. வாட்ஸ்அப்பில் ஒருமுறை மட்டும் பார்க்கும்படி வந்த படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாது. இன்னொரு போனால் எடுத்தால் போச்சு என்று யோசிக்கிற பையன் என் ஸ்டுடியோவில் வேண்டாம்.

6. நீக்கச் சொன்னால் அன்றே நீக்குங்கள். ஏன் என்று கேட்காதீர்கள். கல்யாணம் முறிந்திருக்கலாம், வேலையிடத்தில் தொல்லை வந்திருக்கலாம், நமக்கென்ன? ஹைலைட்ஸிலும் பழைய ரீல்ஸிலும் தேடிப் பாருங்கள்.

7. டிரைவ் லிங்க். பாதிப் பேர் கோட்டைவிடுவது இங்கேதான். லிங்க் வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம் என்று வைத்து அனுப்புகிறீர்கள். அது சித்தப்பா குரூப், பக்கத்து வீட்டு குரூப் என்று சுற்றுகிறது. மணப்பெண் அலங்கார அறையில் எடுத்த படங்களும் அதே ஃபோல்டரில். அவற்றைத் தனி ஃபோல்டரில் போட்டு, பெண்ணின் ஈமெயிலுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுத்து முடித்ததும் பொது லிங்கை மூடிவிடுங்கள்.