உலர்பழமும் சர்க்கரை அளவும்

"இயற்கை இனிப்புதான், சர்க்கரைக்காரர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்" என்று சொல்லிப் பேரீச்சம்பழமும் கிஸ்மிஸும் விற்கும் வழக்கம் நம் கடைகளில் பரவி வருகிறது. இது சரியல்ல.

வெறும் வயிற்றில் எடுத்த இரத்தச் சர்க்கரை 100 முதல் 125 மில்லிகிராம் வரை இருந்தால், "பார்டரில் இருக்கிறது" என்கிறோம். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி, நம் நாட்டில் 13 கோடிக்கும் மேற்பட்டோர் இந்த நிலையில் இருக்கிறார்கள். நாள் முழுவதும் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நம்மவர்களும் இதில் அடக்கம்.

சாங்லி, தாஸ்காவ் பக்கம் சுமார் 4 கிலோ பச்சைத் திராட்சையைக் காயவைத்தால் 1 கிலோ கிஸ்மிஸ் கிடைக்கும். போனது தண்ணீர், சர்க்கரை அப்படியே இருக்கிறது. 100 கிராம் திராட்சையில் சுமார் 16 கிராம் சர்க்கரை என்றால், அதே எடை கிஸ்மிஸில் 60 கிராமுக்கு மேல். கைப்பிடி அளவான 30 கிராமிலேயே 4 டீஸ்பூன் சர்க்கரை வந்துவிடும். பச்சைப் பழம் வயிற்றை நிரப்பும். கிஸ்மிஸோ பேச்சுவாக்கில் கால் கிலோ கூட உள்ளே போய்விடும். இரவெல்லாம் ஊறவைத்தால் சர்க்கரை போய்விடும் என்பதும் தவறு. ஊறிய தண்ணீரையும் சேர்த்துத்தானே குடிக்கிறார்கள்!

அதற்காக உலர்பழத்தை விஷம் என்று ஒதுக்க வேண்டாம். இதில் நார்ச்சத்து உண்டு. லட்டு, ஜாங்கிரிக்குப் பதிலாக அளவோடு தின்பதில் தவறில்லை. பார்டரில் இருப்பவர் சாதாரணப் பேரீச்சை இரண்டை நாலு பாதாமுடன் சேர்த்துச் சாப்பிட்டால் சர்க்கரை மெதுவாகவே ஏறும். மெட்ஜூல் என்றால் ஒன்றே போதும். அது சாதாரணப் பழம் மூன்றுக்குச் சமம். மாத்திரை, ஊசி எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

பாகில் ஊறவைத்துக் காயவைத்த அன்னாசி, பப்பாளி, கிரான்பெர்ரி, இனிப்பு நெல்லி ஆகியவை வேறு ரகம். இவற்றில் பழத்தின் சர்க்கரையோடு, சேர்த்த சர்க்கரையும் இருக்கிறது. பாக்கெட்டின் பின்புறம் படித்தால் தெரியும். நம் கடையில் இவற்றைக் கிஸ்மிஸ் வரிசையிலிருந்து எடுத்து மிட்டாய் வரிசைக்கு மாற்றிவிட்டோம். ஏன் என்று கேட்பவர்களிடம் காரணத்தையும் சொல்லித்தான் நிறுத்துப் போடுகிறோம்.