எடைக் கருவியைக் கணிப்பொறியுடன் இணைக்கும் முறைகள்

மணிலாக்கொட்டையை வண்டியேற்றி விழுப்புரத்திற்கோ திண்டிவனத்திற்கோ கொண்டு செல்லும் விவசாயி, ஒரு போகம் முழுவதும் பட்ட பாட்டின் பலனை எடைமேடையின் மீது சில விநாடிகளில் காண்கிறார். அங்கே தோன்றும் எண் பிழைபடுமாயின் உழுததும் களையெடுத்ததும் அந்த அளவிற்கு வீணேயாகும். எடையும் விலையும் நியாயமாக நடைபெற வேண்டும் என்னும் நோக்கத்துடனேயே சென்னை மாகாணத்தில் 1933-ஆம் ஆண்டில் வாணிபப் பயிர்ச் சந்தைச் சட்டம் இயற்றப்பெற்றது. தேசிய மின்னணு வேளாண் சந்தை 2016-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 14-ஆம் தேதி தொடங்கப்பெற்றபின், எடையைக் கையால் எழுதாமல் நேரே கணிப்பொறியிற் சேர்க்கும் ஏற்பாடுகளைப் பற்றிப் பலரும் விசாரிக்கின்றனர். அவற்றுள் ஒன்றாகிய ‘டிவைஸ் சர்வர்’ என்னும் சிறு பெட்டியைப் பற்றி இங்கே விவரிப்போம்.

பெட்டியின் வேலை

மின்னணு எடைக் கருவிகள் பலவற்றின் பின்புறத்தில் ஒன்பது முனைகளையுடைய சீரியல் போர்ட் ஒன்று உண்டு. கருவி தான் காட்டும் எடையை ஓர் எழுத்தின் பின் ஓரெழுத்தாக அதன் வழியே அனுப்புகிறது. இவ்வகைக் கம்பி சுமார் 15 மீட்டர் தூரத்திற்கே நம்பத்தக்கது. எடைமேடை களத்திலும் கணிப்பொறி அலுவலகத்திலும் இருக்குமாயின் இத்தூரம் போதாது. ஈதர்நெட் கம்பியோ ஒரே நீளமாக 100 மீட்டர் வரை செல்லும். ஒருபுறம் சீரியல் கம்பியையும் மறுபுறம் ஈதர்நெட் கம்பியையும் ஏற்று, ஒன்றன் பேச்சை மற்றொன்றின் பேச்சாக மாற்றித் தருவதே இப்பெட்டியின் வேலை. எடைபோடுவதோ திருத்துவதோ அதன் வேலையன்று.

முதலில் பொருத்த வேண்டியவை

எடைக் கருவியின் வேகம், ஓரெழுத்திற்குரிய பிட்டுகள், பாரிட்டி, நிறுத்த பிட்டு ஆகிய நான்கும் பெட்டியிலும் அவ்வாறே இருத்தல் வேண்டும். உதாரணமாக, கருவியில் 9600, 8, பாரிட்டி இல்லை, 1 என்றிருந்தால் பெட்டியிலும் அதுவே அமைய வேண்டும். ஒன்று மாறினாலும் பொருளற்ற குறிகளே தோன்றும். அடுத்து, பெட்டிக்கு நிலையான ஐ.பி. விலாசம் ஒன்றைத் தருதல் நலம். விலாசம் அடிக்கடி மாறுமாயின், கணிப்பொறி வீடு தெரியாத தபால்காரரைப் போலத் திகைத்து நிற்கும்.

போர்ட் முறைகள்

இரு தரப்பில் யார் அழைப்பவர், யார் காத்திருப்பவர் என்பதை நிர்ணயிப்பதே பெரும்பாலும் இம்முறைகளின் சாரம். முக்கியமானவை அடியிற் கண்ட ஐந்து.

1. மெய்நிகர் போர்ட் முறை: கணிப்பொறியில் ஒரு துணை நிரலை நிறுவினால், தொலைவிலுள்ள கருவி தன் பின்புறத்திலேயே சொருகப்பட்டிருப்பதாக அது எண்ணிக்கொள்ளும். பழைய எடை நிரலை மாற்றாமலே உபயோகிக்க விரும்புவோர்க்கு இது ஏற்றது.

2. டி.சி.பி. சர்வர் முறை: பெட்டி ஒரு போர்ட் எண்ணில் காத்திருக்கும், கணிப்பொறி அதனை அழைத்து எடையைப் பெறும்.

3. டி.சி.பி. கிளையண்ட் முறை: பெட்டியே கணிப்பொறியை அழைக்கும். பல மேடைகளின் எடைகள் ஒரே இடத்திற்கு வந்து சேர வேண்டுமாயின் இது வசதி.

4. யு.டி.பி. முறை: சேர்ந்ததா என்று கேளாமலே பலருக்கும் ஒருங்கே அனுப்பும். விளம்பரப் பலகைக்கு ஆகும். பட்டியல் எழுதுவதற்கு ஆகாது.

5. இணைமுறை: கணிப்பொறியின்றி இரண்டு பெட்டிகள் தம்முள் பேசிக்கொள்ளும். எடையை விவசாயி காணும்படி தொலைவிலுள்ள பெரிய எண்பலகையில் காட்டுவதற்கு உகந்தது.

ஒரு மேடையும் ஒரு கணிப்பொறியுமே உள்ள சிறிய கூடத்திற்கு முதலாவது அல்லது இரண்டாவது முறையே போதுமானது. சர்வர் முறையில் எத்தனை பேர் ஒரே சமயத்தில் அழைக்கலாம் என்பதையும் குறிக்க வேண்டும். அது ஒன்று என்றிருக்கையில் கணிப்பொறி மின்தடையால் திடீரென அணைந்தால், பழைய அழைப்பு இன்னும் உள்ளதென்றே பெட்டி நம்பி, புதிய அழைப்பை மறுத்துவிடும். எதிர்த் தரப்பு உயிருடனிருக்கிறதா என்று சோதிக்கும் கால அளவை ஒரு நிமிஷமாக வைத்தால் இத்தொல்லை நீங்கும்.

கண்ணுக்குத் தெரியாத பிழை

ஒரு கூடத்தில் நான் நேரிற் கண்டதைச் சொல்லுகிறேன். கருவியின் முகப்பில் 412.5 கிலோ என்றிருக்க, கணிப்பொறி சில வேளைகளில் 412 என்றே பதிந்தது. 41 என்று பதிந்திருந்தால் எவரும் உடனே கூச்சலிட்டிருப்பர். அரைக் கிலோவை யார் கவனிப்பார்? மூட்டைகளைப் பலமுறை தூக்கி வைத்து எடுக்கும்போது அவ்வரைக் கிலோக்கள் சேர்ந்து, ஏழை விவசாயியின் கணக்கிலிருந்து கழிந்துகொண்டே இருந்தன. எவரும் வஞ்சகம் செய்யவில்லை. கருவி ஒரே வரியாக அனுப்பிய எண், வலைவழியில் இரு துண்டுகளாய் வந்து சேர்ந்தது. நிரல் முதல் துண்டையே முழு எடையாகக் கொண்டது. பெட்டியில் வரியின் முடிவுக் குறியாகிய 13, 10 என்னும் எண்களைக் குறித்து, அவை வரும்வரை சேர்த்து வைத்து அனுப்பும்படி செய்தோம். நிரலையும் முடிவுக் குறி வந்த பின்னரே எடையை ஏற்கும்படி திருத்துவித்தோம். இரண்டாவது திருத்தமே முக்கியமானது, ஏனெனில் டி.சி.பி. முறை எழுத்துகளை வரிசை பிறழாமல் தருமேயன்றி, வரி வரியாகவே தரும் என்பது நிச்சயமில்லை.

காவலும் சோதனையும்

பெட்டியுடன் வரும் கடவுச்சொல்லை முதல் நாளிலேயே மாற்றுக. வெளி இணையத்திலிருந்து எவரும் அதனை அழைக்க இடந்தரலாகாது. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 23-ஆம் தேதி உக்ரேன் தேசத்தில் மின்சார நிலையங்களைத் தாக்கியோர், இத்தகைய இடைப்பெட்டிகளின் உள்நிரலையே பாழாக்கினர். சுமார் 2,25,000 வாடிக்கையாளர்கள் அன்று மின்சாரமின்றித் தவித்தனர். சிறு பெட்டிதானே என்று அசட்டையாயிருத்தல் தகாது.

எடைக் கருவியின் அரசாங்க முத்திரையை எக்காரணத்தாலும் உடைக்கலாகாது. இணைப்பிற்கு அது அவசியமுமில்லை. தினந்தோறும் வேலை தொடங்குமுன், முத்திரையிட்ட 20 கிலோ படிக்கல்லை மேடையில் வைத்து, முகப்பும் கணிப்பொறியும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க. பின்பு, முகப்பில் புள்ளிக்குப் பின்னும் எண் தோன்றும்படியான ஒரு சுமையைப் பத்து முறை வைத்தெடுத்துப் பத்தையும் ஒப்பிடுக. முழு எண்ணை மட்டும் சோதிப்பவர்க்கு மேற்கண்ட பிழை அகப்படாது.

விவசாய நேயர்களே! சீட்டை வாங்கும்போது அதிலுள்ள எண்ணையும் கருவியின் முகப்பிலுள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு காணின் மூட்டை மேடையிலிருந்து இறங்குமுன்னரே கேளுங்கள். கிராம அதிகாரிகளும் இவ்வழக்கத்தைத் தம் கிராமத்தாருக்கு எடுத்துரைப்பாராக. கம்பி எவ்வளவு தூரம் ஓடினாலும், எடை முதலிற் பிறக்கும் இடம் கருவியின் முகப்பே என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.