ஐந்து புள்ளி, பத்துக் கோடு

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே நம் தாமான்களில் முறுக்கு ஆர்டர் தொடங்கிவிடும். எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்பவர் பெரும்பாலும் ஓர் அம்மாவோ அக்காவோதான். கடை கிடையாது, விளம்பரப் பலகையும் கிடையாது. கையில் இருப்பது ஒரு கைப்பேசி, அதில் தெரிந்தவர்களின் எண்கள். தெரிந்தவர்களும் ஒரு முதலீடுதான் என்பதே இந்தப் பாடம்.

பொறியியல் படிப்பதால் எனக்கு எதையும் புள்ளியும் கோடுமாகப் பார்க்கும் பழக்கம். ஐந்து பெண்கள் ஒருவரையொருவர் அறிந்தால் 10 கோடு. ஆறாவது ஆள் வந்தால் 15. கூடியது ஓர் ஆள், உறவோ ஐந்து!

1987-இல் தொடங்கிய அமானா இக்தியார் மலேசியா இந்த ஐவர் குழுவை வைத்துத்தான் கடன் தருகிறது. வங்காளதேசத்தின் கிராமீன் வங்கி காட்டிய வழி அது. அடமானம் வைக்க நகை இல்லாத பெண்ணுக்குக் குழுவின் நம்பிக்கையே பிணை. 2024-இல் இந்தியப் பெண்களுக்கென்றே ‘பென்’ திட்டமும் அதன் மூலம் வந்தது.

ஆனால் நெருங்கியவர்கள் மட்டும் போதாதுங்க. நம்ம சித்திக்குத் தெரிந்தவர்கள்தானே பெரியம்மாவுக்கும் தெரிந்தவர்கள்? ஆர்டர் அந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றும். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் இதைத்தான் எழுதினார்: புதிய செய்தி பெரும்பாலும் எப்போதாவது சந்திக்கும் அறிமுகங்கள் வழியாகத்தான் வருகிறது. கோயிலில் பார்த்துச் சிரிப்பவர், பிள்ளையின் பள்ளித் தோழியின் தாய், பக்கத்துத் தாமான் மலாய்க்கார அக்கா, இவர்கள்தான் புதிய வாசல்.

ஓர் எச்சரிக்கை. நம்பிக்கை உள்ள இடத்தில்தான் ஏமாற்றமும் நுழையும். கூட்டுப் பிடிப்பதைத் தொழிலாக நடத்துவது 1971 முதலே சட்டப்படி குற்றம். “தெரிஞ்சவங்கதானே” என்று பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு யாரிடம் முறையிடுவது? தெரிந்தவர் என்பதற்காகக் கணக்கு எழுதாமல் விடக்கூடாது. அதேபோல், தெரிந்தவர் என்பதற்காக நாமும் பலகாரக் காசைப் பொங்கல்வரை இழுக்கக்கூடாது. அவருக்கு அதுதான் அடுத்த மாவுக்கான காசு.

இளைஞர்களே, நம் கிளையில் கலந்து பேசுங்கள்:

1. உங்கள் வட்டாரத்தில் வீட்டிலிருந்தே தொழில் செய்யும் பெண்கள் எத்தனை பேர்?
2. அவர்களில் யாருக்கு வெளிவட்டத் தொடர்பு இல்லை?
3. அந்த ஒரு கோட்டை நம்மில் யார் போடுவது?

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது மூன்றாம் கேள்விக்கு ஒரு பெயரோடு வாருங்கள்.