செள் பகலில் கோழியிடம் இருக்காது

அன்புள்ள தம்பிக்கு,

அடையில் உட்கார்ந்த கோழி பாதியில் முட்டையை விட்டு எழுந்துவிட்டது, கொண்டை வெளுத்திருக்கிறது, உடம்பெல்லாம் தேடியும் ஒன்றும் கண்ணில் படவில்லை என்று எழுதியிருந்தாய். பகலில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? ராத்திரி பத்து மணிக்கு டார்ச்சோடு போ. கோழி ஏறி உட்காரும் கம்பின் முனை கூண்டுச் சட்டத்தில் பதிகிற இடம் இருக்கிறதே, அதன் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் அழுத்தித் துடை. துணியில் சிவப்பாகக் கோடு விழுந்தால் செள்தான். அது உன் கோழியின் ரத்தம்.

பேனையும் இதையும் குழப்பிக்கொள்ளாதே. பேனுக்கு ஆறு கால்; கோழி மேலேயே குடியிருந்து இறகைத் தின்னும். செள்ளுக்கு எட்டுக் கால், ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பசியில் சாம்பல் நிறம், குடித்தபின் சிவப்பு. ராத்திரி வந்து குடித்துவிட்டு விடிவதற்குள் இடுக்குக்குத் திரும்பிவிடும். கோழி மேலேயே தங்கும் செள் வகையும் உண்டு. அதுவானால் ஆசனவாயைச் சுற்றி இறகு அழுக்கேறிக் கறுத்திருக்கும்.

இடுக்கில் ஒளியும் செள்ளுக்கு வைத்தியம் கூண்டில்தான். கோழிகளைக் கொஞ்ச நாள் வேறிடத்தில் கூடையில் கவிழ்த்து வை. அடைக்குப் போட்ட வைக்கோலை எரித்துவிடு. கம்பைக் கழற்றிக் கொதிநீர் ஊற்று, இடுக்குகளிலும் ஊற்று. காய்ந்ததும் சுண்ணாம்பு அடித்து, வெடிப்பை மண்ணால் பூசு. இதோடு முடிந்தது என்று இருந்துவிடாதே. இடுக்கில் தப்பிய செள் முட்டை இரண்டு மூன்று நாளில் பொரிக்கும். உன் ஊர் வேங்கிக்காலின் வெயிலுக்கு ஒரு வாரத்தில் புதுத் தலைமுறை தயார். அதனால் ஐந்தாறு நாள் விட்டு மறுபடி, அதன்பின் இன்னொரு தடவை. கூண்டைக் காலியாகப் போட்டால் செள் பட்டினியில் சாகும் என்பார்கள். மாதக்கணக்கில் பட்டினி தாங்கும் பூச்சி அது. சாம்பலும் மணலும் கலந்து ஒரு மூலையில் குவித்து வை, கோழி தானே புரண்டுகொள்ளும்.

யாராவது நெல் குருத்துப்பூச்சிக்குப் போடும் குருணை மருந்தைத் தூவச் சொன்னால் கேட்காதே. அதில் பல குருணைகளில் இருப்பது ஃபிப்ரோனில். 2017-ல் நெதர்லாந்தில் செள்ளுக்கு அடித்த மருந்தில் இதைக் கலந்திருந்தது வெளிப்பட்டு, ஐரோப்பாவில் லட்சக்கணக்கான முட்டைகளைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள். கோழிக் கொழுப்பில் தங்கி முட்டைக்குள் போய்விடும் மருந்து அது. மருந்து வேண்டுமென்றால் கால்நடை மருத்துவரிடம் கேள். எத்தனை நாள் முட்டை சாப்பிடக்கூடாது என்பதையும் சேர்த்துக் கேள்.

    

ஓட்டிடுக்கில் மைனா, குருவி கூடு இருக்கிறதா என்றும் பார்த்துவை, அங்கிருந்தும் செள் இறங்கும். குஞ்சு பறந்தபின் கூட்டை எடு. சந்தையில் புதுக் கோழி வாங்கினால் இரண்டு வாரம் தனியே கட்டிவை. கார்த்திகை தீபத்துக்கு வரும்போது கூண்டைப் பார்க்கிறேன்.

அன்புடன்,
பெரியப்பா