உங்கள் ஆபரேஷன் தேதி அவனுக்கும் தெரியும்

2024 செப்டம்பரில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஆவணங்கள் டெலிகிராமில் கேட்டவருக்கெல்லாம் கிடைத்தன. பாலிசி நகல், கிளெய்ம் படிவம், அடையாள அட்டை, பரிசோதனை அறிக்கை, என்ன நோய் என்ற விவரம் எல்லாவற்றையும் ஒரு சாட்பாட் எடுத்துக் கொடுத்தது. 3.1 கோடிப் பேரின் தகவல் தன்னிடம் இருப்பதாகத் திருடியவன் சொல்லிக்கொண்டான். நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கியது. ஆனால், ஏற்கெனவே இறக்கிவைத்துக்கொண்டவனின் கணினியில் இருக்கும் நகலை எந்தத் தடையும் அழிக்காது.

இது முதல் சம்பவமும் அல்ல. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடங்கின. அடுத்த மாதமே தமிழ்நாட்டு மருத்துவமனை ஒன்றின் சுமார் ஒன்றரை லட்சம் நோயாளிகளின் விவரம் விற்பனைக்கு வந்தது. அது மருத்துவமனையிலிருந்து நேராகப் போகவில்லை, அதற்கு வேலை செய்த வெளி ஐடி நிறுவனம் வழியாகக் கசிந்தது என்று ஆய்ந்தவர்கள் சொன்னார்கள். ஆகவே ‘பெரிய ஆஸ்பத்திரி, பத்திரமாகத்தான் வைத்திருப்பார்கள்’ என்று நம்பி இருப்பதில் பயனில்லை. நம் காகிதம் லேப், காப்பீட்டு கிளெய்மைக் கையாளும் டிபிஏ, பில்லிங் மென்பொருள் என்று எத்தனையோ கை மாறுகிறது.

கசிவுச் செய்தி வந்ததும் பலர் செய்யும் முதல் காரியம் பாஸ்வேர்டை மாற்றுவது. மாற்றுங்கள், தவறில்லை. காப்பீட்டு நிறுவனத்தின் ஆப்பில் பதிவாகியிருக்கும் கைபேசி எண், மின்னஞ்சல், வங்கிக் கணக்கு, நாமினி பெயர் நான்கும் நீங்கள் கொடுத்தபடியே இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஆனால் பிறந்த தேதியை மாற்ற முடியாது. போன வருடம் வைத்த ஸ்டென்ட்டையும் மாற்ற முடியாது. மருத்துவத் தகவல் கசிவது வங்கி அட்டை எண் கசிவதைவிடக் கெட்டது என்று நான் சொல்வது இதனால்தான்: அட்டையை முடக்கிப் புதிதாக வாங்கிவிடலாம்.

எனவே நீங்கள் எதிர்பார்த்து இருக்கவேண்டியது ஒரு தொலைபேசி அழைப்பை. “அம்மா, உங்க வீட்டுக்காரருக்கு மார்ச் மாசம் முட்டி ஆபரேஷன் பண்ணினீங்களே, கிளெய்ம்ல கொஞ்சம் பணம் பாக்கி இருக்கு, அக்கவுண்ட்ல போட்டுடறோம், ஒரு ஓடிபி வரும் பாருங்க” என்பான். ஆஸ்பத்திரி பெயர் சரி, தேதி சரி, பாலிசி எண்ணின் கடைசி இலக்கம்வரை சரி. இத்தனையும் தெரிந்தவன் கம்பெனி ஆளாகத்தானே இருப்பான் என்று மனம் சொல்லும். கசிவுக்குப் பிறகு அந்தக் கணக்கு செல்லாது. விவரம் தெரிந்திருப்பது இனி அடையாளத்துக்குச் சான்றல்ல. எவ்வளவு சரியாகச் சொன்னாலும் அழைப்பைத் துண்டித்துவிட்டு, பாலிசி அட்டையில் அச்சாகியிருக்கும் எண்ணுக்கு நீங்களாகவே கூப்பிடுங்கள். அவன் தரும் எண்ணுக்கு அல்ல, கூகுளில் முதலில் வரும் எண்ணுக்கும் அல்ல. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களிடம் இதை இன்றே சொல்லிவையுங்கள். இந்த அழைப்பை எடுப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

அடுத்தது ஆதார். ஆதார் ஆப்பிலோ ஆதார் ஆணைய இணையதளத்திலோ பயோமெட்ரிக்கைப் பூட்டிவைக்கலாம். கைரேகை வைத்துக் கணக்கிலிருந்து பணம் எடுக்கும் மோசடிக்கு இது நல்ல தடுப்பு. ஆனால் பூட்டியபின் ரேஷன் கடையில் விரல் வைத்தால் ஏற்காது. ஓய்வூதியக்காரர் வாழ்நாள் சான்று கொடுக்கும்போதும் ஏற்காது. அந்த நேரத்துக்கு மட்டும் தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம். இதைச் சொல்லாமல் அப்பாவின் ஆதாரைப் பூட்டிவிட்டு வெளியூர் போகாதீர்கள்.

பான் எண்ணும் போயிருந்தால் பயம் வேறு: உங்கள் பெயரில் இன்னொருவர் கடன் வாங்குவது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கும் ஆண்டுக்கு ஒருமுறை முழுக் கடன் அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நான்கையும் ஒரே நாளில் வாங்கித் தீர்த்துவிடாமல் மூன்று மாதத்துக்கு ஒன்றாக வாங்கினால் வருடம் முழுவதும் ஒரு கண் இருக்கும். அறிக்கையில் கடன்களை மட்டும் பார்க்காதீர்கள். ‘விசாரணைகள்’ என்ற பகுதியில், நீங்கள் கேள்விப்படாத நிதி நிறுவனம் உங்கள் விவரத்தைத் தேடியிருந்தால் யாரோ விண்ணப்பித்திருக்கிறார்கள் என்று பொருள். உடனே அந்த நிறுவனத்துக்கும் கடன் தகவல் நிறுவனத்துக்கும் எழுத்தில் ஆட்சேபம் தெரிவியுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. வருமான வரித் தளத்தில் உள்ள ஆண்டுத் தகவல் அறிக்கையிலும் உங்களுக்குத் தெரியாத சம்பளமோ பரிவர்த்தனையோ இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று தெரிந்துகொண்டு, உங்களுடையது அல்லாததைப் புகார் செய்யலாம்.

காப்பீட்டில் கிளெய்ம் வரலாற்றைப் பார்ப்பவர்கள் குறைவு. நீங்கள் படுக்காத ஆஸ்பத்திரியில் உங்கள் பெயரில் ஒரு கிளெய்ம் போயிருந்தால், உங்கள் காப்பீட்டுத் தொகையில் அந்த அளவு குறைந்திருக்கும். அவசரத்துக்கு கேஷ்லெஸ் கேட்டு நிற்கும்போதுதான் அது தெரியவரும். அப்படி எதையாவது கண்டால் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். பதில் சரியில்லையென்றால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளம், அதன்பின் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன்.

பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் யோசிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930. பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் தளம், வங்கி. தவறு உங்களிடமும் வங்கியிடமும் இல்லாமல் வேறெங்கோ நேர்ந்த மோசடியை, வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் நஷ்டம் உங்கள் தலையில் விழாது. நீங்களே ஓடிபி சொல்லிவிட்டால் கதை வேறு; வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போனது உங்கள் பொறுப்பு.

“உங்க ரிப்போர்ட்டை உறவுக்காரங்களுக்கு அனுப்பிடுவேன்” என்று மிரட்டுபவனும் வரலாம். மனநல சிகிச்சை, கருக்கலைப்பு, எச்ஐவி போன்றவற்றில் இந்த மிரட்டல் உயிரையே எடுக்கும். ஒருமுறை பணம் கொடுத்தால் மறுமுறையும் கேட்பான். செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு போலீஸுக்குப் போங்கள். வெட்கப்படவேண்டியவர் நீங்கள் அல்ல.

நிறுவனம் என்ன தரும் என்று கேட்பீர்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 250 கோடி ரூபாய்வரை அபராதம் இருக்கிறது. ஆனால் அது அரசுக் கருவூலத்துக்குப் போகும், உங்கள் கைக்கு வராது. கசிவைப் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தெரிவிக்கவேண்டும் என்ற கடமையும் அதில் உண்டு. விதிகள் 2025 நவம்பரில் வெளியாகியும், முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை கடிதம் வரும் என்று உட்கார்ந்திருக்காமல், என் விவரங்களில் எவையெவை போயின என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு வழக்கு என்று வந்தால் அதுதான் கையில் இருக்கும் காகிதம்.

அடுத்த முறை ஆஸ்பத்திரி வரவேற்பில் “ஆதார் ஜெராக்ஸ் குடுங்க” என்றால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் மறுபேச்சின்றி வாங்கி ஃபைலில் வைத்துவிடுவார்கள்.