மின்னழுத்தம் மிகுந்தபின் இயங்காத தொலைக்காட்சிப் பெட்டி

மாலை வேளையில் விளக்குகள் திடீரென்று கண் கூசும்படி பிரகாசிக்கின்றன. மின்விசிறி இரைந்து சுழல்கிறது. மறுகணம் தொலைக்காட்சிப் பெட்டி அணைந்துபோகிறது. அதன்பின் எத்தனை முறை பொத்தானை அழுத்தினாலும் அது இயங்குவதில்லை. “ஹை வோல்டேஜ் வந்துவிட்டது” என்று கூறிப் பெட்டியைப் பழைய சாமான்காரரிடம் கொடுத்துவிடுவோர் உண்டு. அவ்வாறு கொடுக்கப்படும் பெட்டிகளில் பல, சிறு பழுதுடன் நிற்பவையே. அவசரப்பட்டுப் பெட்டியைத் தாமே திறந்து பார்த்து உயிருக்கு ஆபத்தைத் தேடிக்கொள்வோரும் உண்டு. ஆகையால் இவ்விஷயத்தைச் சற்று விவரமாக அறிந்துகொள்ளுதல் அவசியம்.

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் அழுத்தமுடையது. மின்மாற்றியிலிருந்து தெருவுக்கு மூன்று பேஸ் கம்பிகளும் ஒரு நியூட்ரல் கம்பியும் வருகின்றன. ஒரு பேஸ் கம்பிக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட்; இரண்டு பேஸ் கம்பிகளுக்கு இடையே ஏறக்குறைய 400 வோல்ட். தெருவில் நியூட்ரல் அறுந்துவிட்டால், வெவ்வேறு பேஸில் உள்ள வீடுகள் ஒன்றோடொன்று கோத்ததுபோல் ஆகி, அந்த 400 வோல்ட்டைத் தம்முள் பங்கிட்டுக்கொள்கின்றன. இப்பங்கீடு சமமாக நடப்பதில்லை. தண்ணீர் மோட்டாரும் இஸ்திரிப் பெட்டியும் ஓடும் வீட்டில் விளக்கு மங்குகிறது. ஒரு விளக்கும் ஒரு தொலைக்காட்சியும் மட்டுமே உள்ள ஏழை வீட்டிலோ 300 வோல்ட்டுக்கு மேலும் ஏறுகிறது. ஒரே தெருவில் சில வீடுகளில் மிகு வெளிச்சமும் சில வீடுகளில் மங்கலும் காணப்பட்டால் நியூட்ரல் பழுது என்று ஐயுற வேண்டும். உடனே மெயின் சுவிட்சை அணைத்து, அண்டை வீட்டாருக்கும் சொல்லி, மின்வாரியத்தாருக்குத் தெரிவிக்க வேண்டும். அறுந்து கிடக்கும் கம்பி எதுவாயினும் அதன் அருகே எவரையும் செல்ல விடலாகாது.

அழுத்தம் சீராகிவிட்டது என்று மின்பணியாளர் சோதித்துக் கூறிய பின்னரே பெட்டியைக் கவனிக்கலாம். கருகிய வாடையோ புகையோ இருந்தால் மீண்டும் இணைத்துப் பார்த்தல் கூடாது. அவ்வாறு இல்லையெனில், முதலில் அந்தப் பிளக் பாயிண்டில் ஒரு மேசை விளக்கைப் பொருத்தி மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். பிறகு ஸ்டெபிலைசரையும் நீட்டிப்புப் பலகையையும் சோதனைக்காக விலக்கிவிட்டு, பெட்டியைச் சுவரிலுள்ள பிளக்கில் நேராக இணையுங்கள். பல சமயங்களில் அடிபட்டது ஸ்டெபிலைசரின் பியூஸாக மட்டுமே இருக்கும். பெட்டிக்கு யாதொரு குறையும் இராது. செட்டாப் பெட்டியின் கம்பிகளையும் கழற்றிவிடுவது நல்லது. இடி மின்னலின்போது கேபிள் கம்பி அல்லது டிஷ் கம்பி வழியாகவும் மின்தாக்குதல் வருவதுண்டு.

இன்னும் இயங்கவில்லையானால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியிலுள்ள பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, கால் மணி நேரம் சும்மா விட்டு மறுபடி இணைத்துப் பாருங்கள். உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு தடுமாறி நின்றிருந்தால் இதனாலேயே சரியாகிவிடக்கூடும்.

அடுத்து, முன்புறமுள்ள சிறு சிவப்பு விளக்கை நோக்க வேண்டும். அது எரிந்தால் மின்சாரம் உள்ளே செல்கிறது என்று கொள்ளலாம். ரிமோட்டின் பாட்டரியைப் பாருங்கள், பெட்டியின் பொத்தானாலேயே இயக்கிப் பாருங்கள். ஒலி மட்டும் வந்து திரை இருண்டிருந்தால், கைவிளக்கைத் திரையின் மீது சாய்வாக அடித்துப் பார்க்கலாம். படம் மங்கலாகத் தென்படுமானால் திரைக்குப் பின்னுள்ள ஒளிவிளக்குப் பகுதியில்தான் பழுது. சிவப்பு விளக்கே எரியாவிடில் மின்வழங்கு பலகையில் குறை இருக்க வாய்ப்பு அதிகம்.

இப்பலகை அடிபடுவதற்கான காரணம் எளிது. 230 வோல்ட் மின்சாரம் பெட்டிக்குள் சென்று நேர்மின்னோட்டமாக மாறுகையில் ஏறக்குறைய 325 வோல்ட் ஆகிறது. அதைத் தாங்கும் மின்தேக்கிகள் பொதுவாக 400 அல்லது 450 வோல்ட்டுக்கு உரியவை. வெளியே 350 வோல்ட் வந்தால் உள்ளே 495 வோல்ட் ஆகிவிடுகிறது. மின்தேக்கி உப்பி வெடிக்கிறது. வாரிஸ்டர் என்னும் சிறு வில்லை முன்னதாகவே தன்னை மாய்த்துக்கொண்டு பியூஸை எரித்துவிட்டால், மற்ற உறுப்புகள் தப்புவதும் உண்டு. ஆகவே எரிந்த பியூஸுக்குப் பதிலாகச் செப்புக் கம்பியைச் சுற்றுவது, காவற்காரனை நீக்கிவிட்டுக் கதவைத் திறந்துவைப்பதற்குச் சமம். நம் ஊர்களில் இவ்வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை.

பெட்டியின் பின்மூடியைப் பயிற்சியில்லாதார் திறத்தலாகாது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் மின்தேக்கியில் அபாயகரமான மின்சாரம் தங்கியிருக்கும். 2006-ம் ஆண்டு முதல் அரசு வழங்கிய வண்ணத் தொலைக்காட்சிகளைப் போன்ற பழைய கண்ணாடிக் குழாய்ப் பெட்டிகளில் குழாய்க்குச் செல்லும் அழுத்தம் பல ஆயிரம் வோல்ட் என்பதை மறக்கலாகாது. மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது, பழுது எந்தப் பலகையில் என்று சொல்லிச் செலவைக் கூறுமாறும், மாற்றிய பழைய உறுப்பைத் திருப்பித் தருமாறும் கேளுங்கள். மின்வழங்கு பலகையை மாற்றும் செலவு திரையை மாற்றும் செலவைவிட மிகக் குறைவு; திரையே பழுதாயின் புதுப்பெட்டி வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

சாதாரண ஸ்பைக் கார்டு பலகை நொடிப்பொழுதுத் தாக்குதலைத் தணிக்குமேயன்றி, நிமிடக்கணக்கில் நீடிக்கும் மிகை அழுத்தத்தைத் தடுக்காது. உயர் அழுத்தத்தில் இணைப்பைத் தானே துண்டிக்கும் ஸ்டெபிலைசரே இதற்கு உகந்தது. மின்தடையின்போது பிளக்கைக் கழற்றிவிட்டு, மின்சாரம் திரும்பிச் சில நிமிடங்கள் கழித்து இணைப்பது செலவில்லாத பாதுகாப்பு.

ஒரே தெருவில் பல வீடுகள் சேதமுற்றால் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் முன்நின்று செய்யவேண்டிய வேலை ஒன்றுண்டு. நிகழ்ந்த நாள், நேரம், மின் இணைப்பு எண், பழுதான சாதனம் ஆகியவற்றை வீடுவாரியாகக் குறித்து, மெக்கானிக்கின் ரசீதுகளுடன் பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்க வேண்டும். 2021-ம் ஆண்டு தொடங்கப்பெற்ற மின்னகம் சேவை மையத்திலும் புகாரைப் பதிந்து எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். பரிகாரம் கிட்டாவிடில் 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி அமைந்த மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்கு மனுச் செய்யலாம். மனுவில் சேதத்தைக் குறிப்பிடுவதோடு, மின்மாற்றியின் நியூட்ரல் இணைப்பையும் எர்த்தையும் சோதிக்க வேண்டுமென்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.